'ஃப்ரீ' என்னும் ஒரு சொல்

மொழிபெயர்ப்பென்பது ஒரு மொழியின் சொல்லை எடுத்துவிட்டு, அவ்விடத்தே மற்றொரு மொழியின் சொல்லை வைக்கும் எளிய தொழிலென்று கருதுவார் நம்மிடையே பலர். அகராதியில் இடப்பக்கத்தே ஒரு சொல்லும், வலப்பக்கத்தே அதற்கு நேராக வேறொரு சொல்லும் நிற்கக் காணும் மாணவர்க்கு இக்கருத்து எழுதல் இயல்பே. ஆயின், இடப்பக்கத்துச் சொல் ஒன்றாக, வலப்பக்கத்தே ஐந்தும் ஆறும் அடுக்கி நிற்குமிடத்து யாது செய்வது? முதலில் நிற்பதை எடுத்தாண்டு மேற்செல்லுதல் பலர் வழக்கம். அவ்வழக்கம் தவறுடைத்தென்பதும், அத்தவற்றால் விளைவது நடையின் கேடு மாத்திரமன்று, சிற்சில விடத்து மனிதருடைய உரிமையின் கேடுமாம் என்பதுமே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்த பொருள். இதனை ஓர் ஆங்கிலச் சொல்லையும், அச்சொல் போர்த்துக்கீசிய மொழியிற் புகுங்கால் எய்தும் வேறுபாடுகளையும் கொண்டு விளக்குவாம்.

போர்த்துக்கீசிய மொழி நமக்கு முற்றும் அயலானதன்று. 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர் நம் கடற்கரைகளில் வழங்கத் தலைப்பட்ட அம்மொழி, சாவி, சன்னல், மேசை, அலமாரி, ஏலம் முதலிய சொற்களைத் தமிழுக்கு அளித்தது. இலத்தீனிற் பிறந்து, அராபிய மொழியினின்றும் பல சொற்களை ஏற்று வளர்ந்த அதனை, இன்று போர்ச்சுகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் முதலிய நாடுகளில் இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் பேசுகின்றனர். அவருட் பெரும்பாலார் பிரேசில் நாட்டினர். ஆதலின், ஆங்கிலத்தினின்று அம்மொழிக்குச் செல்லும் நூல்களும், சட்டங்களும், ஒப்பந்தங்களும், விளம்பரங்களும் அளவிறந்தன.

நாம் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் 'ஃப்ரீ' என்பது. ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவனும் அறிந்த சொல் இது. வடமொழியில் 'பிரிய' என வழங்குஞ் சொல்லும் இதுவும் ஒரே வேரினின்று கிளைத்தனவென்பர் மொழிநூலார். ஒரு குடும்பத்திலே தலைவனுக்கு அன்பான சுற்றத்தார் ஒருபாலும், அடிமைகள் மற்றொருபாலுமாக நின்ற பழங்காலத்தில், அன்புக்குரியார் என்னும் பொருளினின்றே அடிமையல்லாதார் என்னும் பொருள் தோன்றிற்றென்றும் அவர் கூறுவர். பின்னர் அப்பொருள் கிளைத்துக் கிளைத்து, தடையற்றது, கட்டப்படாதது, வேலையின்றி ஓய்ந்திருப்பது, ஒருவரும் அமராதது, வரி நீங்கியது, வேறொன்று கலவாதது, விலையில்லாதது எனப் பலவாகப் பெருகிற்று. தமிழில் விடுதலை, ஓய்வு, வெற்றிடம், இலவசம் எனத் தனித்தனி வீடு பெற்று வாழுங் கருத்துக்கள், ஆங்கிலத்தில் ஒரே கூரையின்கீழ் ஒதுங்கி நிற்கின்றன.

இக்கூட்டம் போர்த்துக்கீசிய எல்லையை அடைந்தவுடன் பல வழியாகப் பிரிகின்றது. பிறர்க்கு அடிமைப்படாத மனிதன் 'லீவ்ரெ' எனப்படுவான். விலையின்றிக் கிடைக்கும் பொருள் 'கிராத்திஸ்' அல்லது 'கிராத்துயித்தோ' எனப்படும். கயிறவிழ்ந்து தெருவிலே திரியும் நாய் 'சோல்த்தோ'. வரி நீங்கிய வருவாய் 'இஸேந்தோ'. சுங்கத் தளர்வுடைய வணிக நிலத்துக்கு 'ஃபிராங்கா' என்னும் அடைமொழி பொருந்தும். அமேசான் காட்டினிடையேயுள்ள மானவுஸ் நகரில், 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருத்தியமைக்கப்பட்ட வணிக மண்டிலம் 'ஸோனா ஃபிராங்கா' என்றே பெயர் பெற்றது. சர்க்கரை கலவாத பானத்தைக் குறிக்கவேண்டின், அம்மொழியார் இவற்றுள் ஒன்றையும் ஆளாமல், 'இன்றி' எனப் பொருள்படும் 'சேம்' என்னுஞ் சொல்லை முன்னே வைப்பர். விருந்தினரைக் கூச்சமின்றி இருக்குமாறு சொல்லுதற்கும் ஆங்கிலர் 'ஃப்ரீ' என்பதையே ஆள, போர்த்துக்கீசியரோ விருப்பம்போல் எனப் பொருள்படும் 'ஆ வொந்தாதெ' என்பர். அச்சொல் வினையாக வருமிடத்தும் இவ்வாறே. கூட்டிலிருந்த பறவையைத் திறந்துவிடுதல் 'சொல்த்தார்'. ஒடுக்கப்பட்ட நாட்டை மீட்டல் 'லிபெர்த்தார்'. அடிமைக்கு விடுதலைச் சீட்டு அளித்தல் 'அல்ஃபொரியார்'.

இவ்வளவு சொற்களுள் எதனைத் தெரிவது? நம் முன்னோர் இவ்வினாவை எண்ணாமற் போனாரல்லர். பலபொருள் ஒருசொல்லின் பொருளைத் தெளிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றனையும் கருவியாகத் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தில் வகுத்துரைத்தார். 'மா' என்னுஞ் சொல் 'பூத்தது' என்னும் வினையைக் கொள்ளின் மரமென அறிகிறோம். 'மாவும் பலாவும்' என இனம் அடுத்துவரினும் மரமெனவே அறிகிறோம். படைத்தலைவன் ஒருவன் போர்க்கோலம் பூண்டு நின்று 'மா வருக' என்பானாயின், சார்பினாற் குதிரையென அறிகிறோம். தமிழுக்கென வகுத்த இவ்விதி ஆங்கிலச் சொல்லுக்கும் அப்படியே பொருந்துகின்றமை வியத்தற்குரியது. கடைக்காரன் ஒரு பொருளோடு மற்றொன்றை 'ஃப்ரீ'யாகக் கொடுக்கிறான் எனின், கொடுத்தல் என்னும் வினையே 'கிராத்திஸ்' என்பதைக் காட்டிவிடும். மக்கள் 'ஃப்ரீ'யும் சமமும் ஆனவர் எனின், சமம் என்னும் இனச்சொல் 'லீவ்ரெ' என்பதற்கு வழிகாட்டும். வாடகைக் காரின் முகப்பில் அச்சொல் எழுதப்பட்டிருப்பின், அஃது அமர்வாரின்றி நிற்பதையே குறிக்கும் என்பது சார்பினாற் பெறப்படும். அங்கே 'லீவ்ரெ' என்பதற்குப் பதிலாகக் 'கிராத்திஸ்' என்று ஒருவர் எழுதிவிடுவாராயின், அக்காரோட்டி அன்று மாலைக்குள் வறியனாவான்.

காரோட்டியின் நட்டம் நகைத்து விடத்தக்கது. நகைக்கவொண்ணாத இடங்களும் உள. சார்பென்பது முன்னும் பின்னும் நிற்கும் வாக்கியங்களோடு முடிவதன்று. நூல் எழுந்த காலத்து வழக்கும், அந்நாட்டுச் சட்டமும், அங்கு வாழ்ந்தோர் பட்ட பாடும் சார்பினுள் அடங்கும். இதனைத் தெளிதற்குப் பிரேசில் நாட்டின் அடிமை வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

பிரேசிலில் அடிமை வழக்கம் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாளில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்நாட்டில் அடிமையல்லாதார் யாவரும் ஒருதரத்தினராக எண்ணப்பட்டிலர். பிறப்பிலேயே அடிமையல்லாதவன் 'லீவ்ரெ' எனப்பட்டான். அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்டவன் 'லிபெர்த்தோ' எனவும் 'ஃபோர்ரோ' எனவும் வழங்கப்பட்டான். 'ஃபோர்ரோ' என்பதும், விடுதலைச் சீட்டைக் குறிக்கும் 'அல்ஃபொரியா' என்பதும் அராபிய மொழியினின்று வந்த சொற்கள். இவ்விரு தரத்தாருக்கும் இடையே இருந்தது பெயர் வேறுபாடு மாத்திரமன்று. பேரரசின் 1824-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, பிரேசிலிற் பிறந்த 'லிபெர்த்தோ' குடிமகனாக மதிக்கப்பட்டானேனும், நாட்டுச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளனாதற்கு உரிமை பெற்றிலன். ஆங்கில நூலொன்று 'அவன் ஃப்ரீயான மனிதன்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடலாம். அதனைப் போர்த்துக்கீசியத்தில் எழுதப் புகுவோன், 'அவன் அவ்வாறே பிறந்தானா, பின்னர் ஆக்கப்பட்டானா?' என்று வினவாமல் எழுதுகோலை எடுத்தல் இயலாது.

இவ்வினாவின் பாரத்தை உணர்த்துதற்கு லூயிஸ் காமா என்பாரது வாழ்க்கை ஒன்றே அமையும். அவர் 1830-ஆம் ஆண்டில் பாஹியா மாகாணத்துச் சால்வடோர் நகரிற் பிறந்தார். அடிமையல்லாத ஆப்பிரிக்கத் தாயொருத்தியின் வயிற்றிலே தாம் பிறந்ததாகவும், தம்முடைய பத்தாம் வயதிற் பெற்ற தந்தையே தம்மை அடிமையாக விற்றுவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். சான் பவுலோ நகரில் அடிமையாய் வளர்ந்து, இளமை கடவாத பருவத்தே எழுத்தறிந்து, தம் உரிமைக்குரிய சான்றுகளைத் தேடி அடிமைத்தளையினின்று நீங்கினார். பின்னர்ச் சட்டக் கல்லூரிப் பட்டமின்றியே நீதிமன்றங்களில் வாதாடி, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை விடுவித்தார். 1882-ஆம் ஆண்டிற் காலமான அவரை, 2015-ஆம் ஆண்டிற் பிரேசில் வழக்கறிஞர் மன்றம் வழக்கறிஞரென ஏற்றுச் சிறப்பித்தது.

இப்பெரியாரைக் குறித்து ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றெழுதியிருப்பதைப் போர்த்துக்கீசியத்தில் 'லிபெர்த்தோ' என்று பெயர்த்தால் யாது வரும்? அவர் முன்பு முறைப்படி அடிமையாயிருந்தார் என்பதும், உடையவன் ஒருவன் மனமிரங்கி அவரை விடுத்தான் என்பதும் அச்சொல்லினுள் அடங்கிவரும். 'லீவ்ரெ' என்று பெயர்த்தாலோ, அவர் என்றும் அடிமையாதற்குரியரல்லர் என்பதும், அவரை விற்றதும் வாங்கியதும் குற்றமென்பதும் பெறப்படும். அவர் தம் வாழ்நாளெல்லாம் நீதிமன்றத்தில் நின்று வாதாடிய பொருள் இந்த வேறுபாடே. ஒரு மொழிபெயர்ப்பாளன் அகராதியை நோக்கிக் கண்மூடித் தெரிந்த ஒரு சொல், அவ்வாதத்தை அவருக்கு எதிராகத் தீர்த்துவிடுகின்றது. ஆங்கில மூலத்திலோ இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை.

தனியொருவர் கதையைவிட்டு அரசுகளின் ஒப்பந்தத்துக்கு வருவோம். அடிமைக் கப்பல்களைத் தடுத்தற்பொருட்டு, 1817-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, சட்டவிரோதமாக அடிமைகளை ஏற்றிவரும் கப்பல்களைப் பிடித்து விசாரித்தற்கு இருநாட்டாரும் அமர்ந்த கலப்பு நடுவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஒன்று ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலும், மற்றொன்று பிரேசிலிலும் இருந்தன. அம்மன்றங்களால் மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்க்கு விடுதலைச் சீட்டு அளிக்கப்படும் என்றும், அவர் பணியாளராகவோ 'ஃப்ரீ'யான தொழிலாளராகவோ வேலையில் அமர்த்தப்படுவர் என்றும் உடன்படிக்கை கூறிற்று. ஆங்கிலத்திற் படிக்குங்கால் இது நன்மையாகவே தோன்றும். ஆயின், 1818-ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசிய அரசர் பிறப்பித்த ஆணை, அம்மக்கள் 'லிபெர்த்தோ'க்களாகப் பதினான்கு ஆண்டு பணிசெய்தல் வேண்டும் என்று விதித்தது. பிற்காலத்தில் அவரை 'ஆஃப்ரிக்கானோஸ் லீவ்ரெஸ்' என்று வழங்கினர். அப்பெயர் தாங்கினோர் பிரேசிலில் ஏறக்குறைய 11,000 பேர் என்பர் வரலாற்றாசிரியர். பெயரில் விடுதலையும், வாழ்க்கையில் ஏவலுமாக அவர் காலங்கழித்தனர். பதினான்கு ஆண்டு கடந்த பின்னும் பலர் விடுவிக்கப்பட்டிலர். தனியாரிடம் அவ்வளவு காலம் பணிசெய்து முடித்தோர், வேண்டிக்கொண்டால் விடுதலை பெறலாம் என்று 1853-ஆம் ஆண்டிலும், எஞ்சினோர் யாவரும் விடுவிக்கப்பட்டனர் என்று 1864-ஆம் ஆண்டிலும் ஆணைகள் பிறந்தன. 'ஃப்ரீ' என்றும் 'லீவ்ரெ' என்றும் 'லிபெர்த்தோ' என்றும் மூன்று சொற்கள் ஒரே மக்கள்மேற் சார்த்தப்பட்டன. எந்தச் சொல்லால் எவ்வளவு உரிமை கிடைத்தது என்பதைக் காகிதத்தை வைத்திருந்தவர் அறிவர். வேலைசெய்தவர் உடலும் அறியும்.

இன்று அக்காலத்தைப்பற்றி ஆங்கிலத்தில் எழுந்த வரலாற்று நூலைப் போர்த்துக்கீசியத்தில் ஆக்குவோன், 'ஃப்ரீ'யான ஆப்பிரிக்கன் என்னுந் தொடரைக் காணுந்தோறும் நின்று ஆராய்தல் வேண்டும். கப்பலினின்று மீட்கப்பட்டவனாயின், அவன் 'ஆஃப்ரிக்கானோ லீவ்ரெ'. உடையவனுக்குப் பணங்கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவனாயின், 'ஆஃப்ரிக்கானோ லிபெர்த்தோ'. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், அடிமைத்தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு 'இன்ஜேனுவோ' என்னும் மூன்றாவது பெயரும் வழங்கலாயிற்று. அச்சட்டம் அக்குழந்தைகள் 'லீவ்ரெ' என்றே அறிவித்தது. ஆயினும், குழந்தை எட்டு வயதடைந்தபின், தாயையுடையவன் அரசினிடம் ஈடு பெற்றுக்கொண்டு அதனை ஒப்புவிக்கலாம். அன்றி, இருபத்தொரு வயதுவரை அதனிடம் வேலை வாங்கலாம். இவ்வளவையும் 'ஃப்ரீ' என்னும் ஓரசைச் சொல் எங்ஙனம் தாங்கும்?

இவ்விடத்தில் ஒரு பிரேசிலியத் தொடர் நினைவுக்கு வருகின்றது. வெளியார் கண்ணுக்குக் காட்டுதற்காகவே செய்யப்பட்டு, நடைமுறையிற் பயனின்றிக் கிடப்பதனை அந்நாட்டார் 'பாரா இங்கிலேஸ் வேர்', அஃதாவது 'ஆங்கிலன் பார்ப்பதற்காக', என்பர். வெளியினின்று பிரேசிலுக்குட் புகும் அடிமைகள் யாவரும் 'லீவ்ரெ' ஆவர் என்று 1831-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு, பின்னர்ப் பல ஆண்டுகள் மதிக்கப்படாமற் கிடந்த சட்டத்தோடு இத்தொடரைப் பொதுமக்கள் இணைத்துப் பேசுவர். அத்தொடர் பிறந்த வரலாறு பலவாறாகக் கூறப்படினும், அதன் பொருள் மொழிபெயர்ப்பாளனுக்கும் ஓர் எச்சரிக்கையாம். மூலத்தாருக்கு நேராகத் தோன்றும்படி ஒரு சொல்லை வைத்துவிட்டு, படிப்போர்க்கு அதனால் யாது விளங்குமென்பதைக் கருதாது விடுதலும் ஆங்கிலன் பார்ப்பதற்காகச் செய்த வேலையேயாம்.

இனி, மறுப்பார் கூற்றையும் கேட்போம். 'மூலநூலாசிரியர் ஒரே சொல்லை ஆண்டிருக்க, பெயர்ப்போன் அதனைப் பலவாகச் சிதைத்தல் முறையோ? ஒன்றுக்கு ஒன்றென நிறுத்துவதே நேர்மையன்றோ?' என்பர் அவர். இக்கூற்றை முற்றுந் தள்ளுதல் தகாது. ஓர் ஒப்பந்தத்தில் ஒருசொல்லுக்கு ஒருபொருள் வரையறுக்கப்பட்டிருப்பின், அச்சொல் வருமிடமெல்லாம் ஒரே பெயர்ப்பை ஆளுதல் கடனேயாம். அறிவியல் நூல்களிற் கலைச்சொற்களுக்கும் அஃதே விதி. ஆயின், அங்கே ஒன்றாயிருப்பது சொல் மாத்திரமன்று, பொருளும் ஒன்று. பொருள் பலவாக நிற்க, ஒலி ஒன்றாயிருத்தல் பற்றியே ஒருசொல்லை வைத்தல் நேர்மையன்று; அது மூலத்தின் ஓசையைக் காத்து அதன் கருத்தை விற்றுவிடுதலாம்.

வேதாகமத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், யோவான் சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தே குமாரன் அருளும் விடுதலையைக் குறிக்க நின்ற சொல்லே, 'கிரயமின்றி' என்னுங் கருத்தில் ஈறு சிறிது நீண்டு, ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தும் நிற்கின்றது. கிரேக்க மூலத்திலோ அவ்விரண்டும் தொடர்பில்லாத இருவேறு சொற்கள். அல்மெய்தாவின் பெயரால் வழங்கும் போர்த்துக்கீசிய வேதாகமமும் முன்னதை 'லீவ்ரெ' என்பதனாலும், பின்னதை விலையின்மையைக் குறிக்குஞ் சொல்லாலும் பிரித்தே காட்டுகின்றது. ஜோவாம் ஃபெரெய்ரா தெ அல்மெய்தா என்னும் அப்பெரியார் ஆங்கிலத்தினின்று பெயர்த்தவரல்லர். இலங்கையிலும் நம் தூத்துக்குடியிலும் சிலகாலம் ஊழியஞ்செய்து, பத்தாவியாவில் நெடுநாள் வாழ்ந்தவர். அவருடைய புதிய ஏற்பாடு 1681-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஆங்கிலம் ஒன்றாகக் காட்டுவதை ஒன்றென்றே நம்பி, அதனையே மூலமாகக் கொண்டு ஒருவர் பெயர்த்திருப்பாராயின், தளையினின்று விடுபடுதலும் விலையின்றிப் பெறுதலும் ஒன்றாகக் குழம்பியிருக்கும்.

ஆங்கிலருக்கே இக்குழப்பம் இடர் விளைத்ததுண்டு. கணினியில் இயங்கும் நிரல்களை யாவரும் ஆளவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடையராதல் வேண்டும் என்னும் கொள்கையை ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் பரப்பி, 1985-ஆம் ஆண்டில் அதற்கெனக் கழகமொன்றையும் நிறுவினார். அத்தகைய நிரலுக்கு அவர் இட்ட பெயரில் 'ஃப்ரீ' என்னுஞ் சொல் நின்றது. கேட்டோர் பலர் அதனை விலையில்லாதது என்றே கொண்டனர். பேச்சுரிமையை நினைந்து அச்சொல்லைக் கொள்க, விலையின்றி ஊற்றப்படும் மதுவை நினையற்க என்னுங் கருத்துப்பட அவ்வியக்கத்தார் ஓயாது விளக்கஞ் சொல்ல வேண்டியதாயிற்று. போர்த்துக்கீசியத்தில் அவ்விளக்கத்துக்குப் பெரிதும் வேலையில்லை. 'சாஃப்ட்வேர் லீவ்ரெ' என்றவுடன் உரிமை பேசப்படுகின்றதென்பது விளங்கும். விலை பேசவேண்டின் 'கிராத்திஸ்' தனியே காத்துநிற்கின்றது. அவ்வாறாயின், அவ்விளக்கத்தையே போர்த்துக்கீசியத்தில் ஆக்கவேண்டுவோன் யாது செய்வான்? மூலத்திலுள்ள சிலேடையை அம்மொழி ஏற்காது. ஆங்கிலத்தில் இருபொருளும் ஒருசொல்லால் வழங்கும் என்று ஒரு வாக்கியத்தாற் கூறிவிட்டு மேற்செல்லுதலே அவனுக்குத் தகும். பெயர்க்கவொண்ணாததைப் பெயர்த்ததாகக் காட்டுவதினும், அதனை விளக்கிவிடுதல் நன்று.

இதனாற் போர்த்துக்கீசியம் ஆங்கிலத்தினும் உயர்ந்ததென்று யாம் கூறினோமல்லேம். அம்மொழியிலும் பலபொருள் ஒருசொற்கள் மலிந்துள்ளன. காத்திருத்தல், நம்பியிருத்தல், எதிர்பார்த்தல் ஆகிய மூன்றையும் அது 'எஸ்பெரார்' என்னும் ஒரே வினையாற் சொல்லும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு மூன்று வினைகள் உள. பாதுகாப்பில் ஆங்கிலர் காணும் இருவகையையும் அது 'செகுரான்சா' என்னும் ஒரு பெயரில் அடக்கும். மேலும், நாம் மேலே பிரித்துக்காட்டிய எல்லைகளும் எங்கும் மதில்போல் நிற்பனவல்ல. போர்ச்சுகலில் இசையரங்கின் வாயிலில் 'என்த்ராதா லீவ்ரெ' என்று எழுதியிருப்பின், கட்டணமின்றிப் புகலாம் என்பதே கருத்து. பிரேசிலில் அதனையே 'என்த்ராதா ஃபிராங்கா' என்று எழுதக் காணலாம். கணினியில் இடத்தை ஒழித்துக்கொடுத்தலைப் பிரேசிலார் 'லிபெரார்' என்னும் வினையாலும், போர்ச்சுகல் நாட்டார் 'லிபெர்த்தார்' என்னும் வினையாலும் குறிப்பர். ஆதலின், எம்மொழிக்கு என்பதோடு, எந்நாட்டார்க்கு என்பதும் பெயர்ப்போன் கேட்டறியவேண்டிய வினாவாகும்.

இக்காலத்தில் மொழிபெயர்க்கும் இயந்திரங்கள் பெருகியுள்ளன. அவற்றை எள்ளுதல் அறிவுடைமையன்று. அடுத்துவருஞ் சொற்களை நோக்கிப் பொருள் தெரிதலையே அவையும் செய்கின்றன. தொல்காப்பியனார் கூறிய இனத்தையும் சார்பையும் அவையும் தம் வழியிற் கையாளுகின்றன என்னலாம். நீண்ட வாக்கியத்தில் அவை பெரும்பாலும் தவறுவதில்லை. ஆயின், 'ஃப்ரீ' என்னுஞ் சொல் தனியே ஒரு பலகையிலோ, கணினித் திரையின் மூலையிலோ நிற்குமாயின், காலியான இடமா, விலையின்மையா, 'விடுவி' என்னும் ஏவலா என்பதை அவை எங்ஙனம் அறியும்? ஊகித்து ஒன்றை வைக்கும். மனிதன் அவ்விடத்துச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எழுதினாரை அணுகி, 'நீர் எதனைக் கருதினீர்?' என்று கேட்கலாம். எழுதினார் இறந்துபட்டவராயின், அவர் காலத்துச் சட்டங்களையும் கடிதங்களையும் தேடிப் படிக்கலாம். லூயிஸ் காமாவைக் குறித்த ஒருசொல்லுக்காக ஒருநாள் முழுதும் நூல்நிலையத்திற் செலவிடுதல் வீண்வேலையன்று. சொற்கணக்கிற் கூலி கொடுப்போர் அந்நாளுக்குக் கூலி கொடாராயினும், அந்நாளே அப்பெயர்ப்பின் உயிராகும்.

மொழிகள் பயிலும் மாணவ நண்பர்காள்! சொற்களை இரட்டை இரட்டையாக நெட்டுருச் செய்வதை ஓரளவில் நிறுத்துங்கள். ஒரு சொல்லைக் கற்குங்கால், அது வாழும் வாக்கியங்கள் நான்கினையேனும் உடன் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்க்குங்கால் பலபொருள் ஒருசொல் எதிர்ப்படின், எதனினின்று நீங்கியது, யாரால் நீக்கப்பட்டது, எந்நாளில் நீக்கப்பட்டது, விலையுண்டா இல்லையா என்பன போன்ற வினாக்களை அச்சொல்லிடமே கேளுங்கள். விடை கிடைக்காதவிடத்து, எல்லாவற்றுக்கும் பொருந்துவதுபோற் பரந்து நிற்குஞ் சொல்லொன்றை எடுத்து ஒளிந்துகொள்ளாதீர்கள். ஒரு சொல்லைத் தெரிதல் மற்றவற்றை விலக்குதலுமாம். விலக்கப்பட்ட சொல்லோடு ஒரு மனிதனுடைய பிறப்புரிமையும் விலகிப்போகக்கூடும் என்பதை, பதினான்கு ஆண்டுப் பணிக்குப் பின்னும் தமக்குரிய விடுதலைச் சீட்டுக்குக் காத்திருந்த அந்த ஆப்பிரிக்கரின் வரலாறு நமக்கு அறிவுறுத்துகின்றது.